வளரிளம் பிள்ளை தன் வாழ்க்கையைச் சொல்லும் விதம்

என் அக்காள் மகளுக்கு இப்போது 17 வயது. 14 வயதில், ஒன்பதாம் வகுப்பின் நடுவில், தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தாள். அதற்கு முன் ஓராண்டுக்கும் மேலாக அவள் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டிருந்தாள். காலையில் உயிர்த்தோழி என்று கொண்டாடியவளை மாலையில் துரோகி என்று தூற்றினாள். அம்மா வேலையிலிருந்து திரும்ப அரை மணி நேரம் தாமதமானால், இனி வரவே மாட்டாள் என்று முடிவுகட்டிக் கதறினாள். அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவில், இவை உருவாகிவரும் ஆளுமைக் கோளாற்றின் அறிகுறிகளாக இருக்கலாம் என்றார்கள். அன்றுமுதல் அவளோடு இருந்து கற்றதையும், பள்ளியில் தமிழாசிரியையாகக் கவனித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன். அவளும் அவளுடைய அம்மாவும் படித்துச் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் காட்டிவிடும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு எங்கள் தெருவில் இரண்டே விளக்கங்கள் உண்டு: ஒன்று கொழுப்பு, மற்றொன்று காத்து கருப்பு. மருத்துவர் சொன்னது இரண்டிலும் சேராதது. நான் யார், எனக்கு எது வேண்டும் என்ற உணர்வு நிலைகொள்ளாமல் தள்ளாடுவதும், பிறரை நம்பி நெருங்கி நிலைத்த உறவு கொள்ள முடியாமல் போவதும்தான் இதன் மையம் என்றும், மற்ற அறிகுறிகள் பெரும்பாலும் அந்த இரண்டிலிருந்து கிளைப்பவை என்றும் அவர் விளக்கினார். 18 வயதுக்கு முன் இந்தப் பெயரைச் சொல்லவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநோய்களை அடையாளம் காண உதவும் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, அறிகுறிகள் குறைந்தது ஓராண்டு நீடித்திருந்தால் 18 வயதுக்கு உட்பட்டவருக்கும் ஆளுமைக் கோளாறு என்று நோயறிதல் செய்யலாம். பிறர் உரிமைகளைத் தொடர்ந்து மீறும் சமூக விரோத ஆளுமைக் கோளாறு மட்டும் இதற்கு விலக்கு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 என்ற நோய் வகைப்பாடு, பழைய வகைப் பெயர்களை விட்டுவிட்டு, லேசானது, மிதமானது, கடுமையானது என்று அளவைப் பார்க்கிறது. உணர்ச்சியும் உறவும் தன்னைப் பற்றிய எண்ணமும் நிலையில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும் எல்லைநிலை (பார்டர்லைன்) என்ற வடிவத்தைக் கூடுதல் குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளவும் இடம் தருகிறது. எங்கள் மருத்துவர் பெயர் வைக்க அவசரப்படவில்லை. ஆனால் பெயர் இல்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் இல்லை. அந்த இரண்டும் சேர்ந்திருந்தது எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி.

உளவியலாளரிடம் அனுப்பப்பட்ட பிறகு, சில வாரங்கள் பழகி நம்பிக்கை வந்ததும், அவர் அவளிடம் ஒரு வேலை கொடுத்தார். உன் வாழ்க்கை ஒரு புத்தகமாக இருந்தால் அதில் என்னென்ன அத்தியாயங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தலைப்பு வைத்துச் சொல் என்றார். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டேன் மெக்காடம்ஸ் வகுத்த வாழ்க்கைக் கதை நேர்காணல் இப்படித்தான் தொடங்குகிறது. அதன் பிறகு மிக உயர்ந்த தருணம், மிகத் தாழ்ந்த தருணம், திருப்புமுனை, எதிர்காலம் என்று நீள்கிறது. அவள் வைத்த தலைப்பு எதுவும் இல்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா பூட்டாரு. ஆயா பூட்ச்சு. ஊடும் பூட்ச்சு. நா யாராண்ட ஒட்டிக்கினாலும் அது பூடும்."

பின்னர் அவளுடைய அனுமதியோடு உளவியலாளர் அக்காளையும் என்னையும் அழைத்து, அந்த நான்கு வாக்கியங்களில் தாம் கேட்டவற்றை எடுத்துச் சொன்னார். எல்லா வாக்கியங்களிலும் ஏதோ ஒன்று போகிறது. கடைசி வாக்கியத்தில் மட்டும் அவள் வருகிறாள், அங்கும் அவளுடைய செயல் இழப்பில்தான் முடிகிறது. இடையில் ஏழெட்டு ஆண்டுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பா எங்கே போனார், எதற்குப் போனார் என்ற காரணம் இல்லை. நல்லதாகத் தொடங்குவது எதுவும் கெட்டே தீரும் என்ற ஒரே விதி, நடந்தவற்றுக்கு மட்டுமல்லாமல் நடக்கப்போகிறவற்றுக்கும் எழுதப்பட்டிருக்கிறது. நல்ல காட்சி கறைபட்டு முடியும் இந்தப் போக்கையும், துன்பத்திலிருந்து ஏதேனும் மீளும் எதிர்ப்போக்கையும் மெக்காடம்ஸ் தனித்தனியாக அடையாளப்படுத்தியிருக்கிறார். தோழி பேருந்தில் வேறொருத்தியுடன் உட்கார்ந்தாள் என்பதற்காக அவள் ஏன் அப்படி உடைந்துபோனாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளைப் பொறுத்தவரை அது ஒரு நாள் நிகழ்ச்சியன்று, ஏற்கெனவே எழுதி முடித்த கதையின் அடுத்த வரி.

இது ஏன் இந்த வயதில் வெளிப்படுகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. பத்து வயதுப் பிள்ளை நேற்று நடந்த சண்டையை அழகாகச் சொல்லும். ஆனால் ஆறு வயதில் நடந்ததால்தான் பன்னிரண்டு வயதில் நான் இப்படி ஆனேன் என்று நிகழ்ச்சிகளைக் காரணத்தால் கோக்கும் திறன் வளரிளம் பருவத்தில்தான் முதிர்கிறது. டில்மன் ஹாபர்மாஸும் சூசன் ப்ளக்கும் 2000-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் விரிவாகப் பேசுகிறது: கால வரிசை, சமூகம் எதிர்பார்க்கும் வாழ்க்கைக் கட்டங்கள், காரணத் தொடர்பு, அனைத்தையும் இணைக்கும் கருத்து ஆகிய நான்கும் கூடிவரும்போதுதான் ஒரு வாழ்க்கைக் கதை உருவாகிறது. ஆளுமைக் கோளாற்றின் அறிகுறிகள் தலைகாட்டுவதும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். ஜோனதன் ஆட்லரும் அவருடைய குழுவினரும் நடுவயதினரிடம் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லைநிலை ஆளுமைக் கூறுகள் உடையவர்களின் கதைகளில், தன் வாழ்க்கையைத் தான் நடத்துகிறேன் என்ற உணர்வும், உறவு வேண்டும் என்ற ஏக்கம் நிறைவேறுவதும், கதையின் முன்பின் இணைப்பும் மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தன. உறவுக்கான ஏக்கம் மட்டும் குறைவாக இல்லை. இதைப் படித்தபோது எங்கள் வீட்டுப் பிள்ளையை அப்படியே பார்த்தேன். அவளுக்கு ஒட்டிக்கொள்ளும் ஆசை எவரையும்விட மிகுதி.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். வடசென்னைப் பிள்ளைகள் பலருடைய கதையில் இழப்பு வருவதற்குக் காரணம், இழப்பு உண்மையாகவே நடந்திருப்பதுதான். அவள் பிறந்து வளர்ந்த காசிமேட்டு வீடு இடிக்கப்பட்டு, அக்காளுக்கு நகரத்தின் மறுகோடியில், பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கப்பட்டது. அவளுடைய பள்ளியும் தோழிகளும் கடலும் ஒரே வாரத்தில் இல்லாமல் போயின. "ஊடும் பூட்ச்சு" என்று அவள் சொன்னது அறிகுறி இல்லை, செய்தி. சுனாமிக்குப் பிறகு இடம் மாறியவர்களும், வெள்ளம் வீட்டுக்குள் வந்து புத்தகப் பையை இழந்தவர்களும், அப்பாவின் குடியால் படிப்பை விட்டவர்களும் நிறைந்த வகுப்பறையில், சோகமான கதை சொல்வது நோய்க்கு அடையாளம் என்று எவரேனும் எடுத்துக்கொண்டால் அது அநியாயமாகும். எங்கள் உளவியலாளர் நடந்ததையும், நடந்ததற்குள் அவள் தன்னை வைத்துக்கொண்ட இடத்தையும் பிரித்துப் பார்த்தார். வீடு போனது உண்மை. தான் ஒட்டிக்கொண்டதால் போனது என்பது அவள் தனியாக இருந்து கட்டிக்கொண்ட காரணம். வேலை செய்ய வேண்டியது அந்த இரண்டாவதில்.

அவள் அப்படி ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்ள நேர்ந்ததற்கு, பெரியவர்கள் விட்டுவைத்த வெற்றிடம் பெரிதும் பொறுப்பு. அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது, விசைப்படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த அவளுடைய அப்பா வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனார். பிள்ளையிடம், அப்பா விசாகப்பட்டினத்துப் படகில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று ஆயா சொன்னார். அதையே எல்லாரும் சொல்லிவந்தோம். எங்கள் பகுதியில் இது வழக்கம்தான்: சிறையில் இருப்பவர் வெளிநாட்டில் இருக்கிறார், தூக்கிட்டுக்கொண்டவர் மாரடைப்பால் போனார். பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்ற அன்பினால்தான் இப்படிச் சொல்கிறோம். ஆனால் பிள்ளை வளர்ந்து தன் கதையைக் கோக்கத் தொடங்கும்போது, கடிதமும் அழைப்பும் இல்லாத அந்த விசாகப்பட்டினம் ஒட்டாமல் நிற்கிறது. காரணம் கிடைக்காத இடத்தில் பிள்ளை தன்னையே காரணமாக நிறுத்திக்கொள்கிறது.

உண்மையைச் சொல்வதை உளவியலாளருடன் கலந்து திட்டமிட்டோம். யார் சொல்வது என்பதில் ஐயமே இல்லை, அம்மாதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டக் கூடாது, கேட்ட அளவுக்குப் பதில் போதும், அப்பாவை வசைபாடக் கூடாது, 'உன்னால் இல்லை' என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், சொல்லும் வாரத்தில் தேர்வோ விசேஷமோ இருக்கக் கூடாது, அடுத்த சில நாள்கள் இரவும் பகலும் யாரேனும் உடன் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தோம். அக்காள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னாள். நல்லவிதமாக முடிந்தது என்று எழுத முடியாது. இத்தனை ஆண்டுகள் ஏமாற்றினீர்கள் என்று அவள் கத்தினாள். பல நாள்கள் அம்மாவோடு பேசவில்லை. அந்த வாரத்திலேயே மருத்துவரை மீண்டும் பார்க்க வேண்டியதாயிற்று. ஆனால் அதன் பிறகு ஒருநாள், நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சித்தி, அப்பா போன அன்னிக்கு நா இன்னா பண்ணிகினு இருந்தேன்?" என்று கேட்டாள். அந்தக் கதையில் தானும் ஓர் ஆளாக இருந்திருப்பேன் என்று அவள் நினைத்தது அதுதான் முதல் முறை. எனக்கு நினைவிருந்ததைச் சொன்னேன்: அன்று அவள் ஆயாவோடு மீன் கூடையின் அருகில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குச் சில்லறை எண்ணிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அதை மறுபடியும் மறுபடியும் கேட்டாள்.

பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்பதில் நான் கண்டது: 'ஏன்' என்ற கேள்வி வாயை அடைத்துவிடும், 'அப்புறம்?' என்ற கேள்வி திறந்துவிடும். 'ஏன் அப்படிச் செய்தாய்' என்பது எங்கள் வீடுகளில் அடிக்கு முன் வரும் கேள்வி. பிள்ளைகளுக்கு அது தெரியும். யார் இருந்தார்கள், அப்போது மழையா வெயிலா, நீ என்ன நினைத்தாய், அவள் என்ன நினைத்திருப்பாள் என்று சின்னச் சின்னதாகக் கேட்டால் நிகழ்ச்சி விரியும். அம்மாக்கள் சிறு குழந்தையோடு பழையதைப் பேசும்போது இப்படி விரித்துப் பேசினால், அந்தக் குழந்தை பின்னாளில் தன் வாழ்க்கையைச் செறிவாகச் சொல்லும் என்பதை ராபின் ஃபிவுஷ் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தேதியோ பெயரோ தவறினால் இடைமறித்துத் திருத்த வேண்டாம். அது அவள் சொல்லும் நேரம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, முடிவுரை சொல்லாமல் இருப்பது. எல்லாம் நல்லதுக்குத்தான், உன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் எத்தனை பேர், இதனால்தான் நீ உறுதியானவள் ஆனாய் என்றெல்லாம் பெரியவர்கள் உடனே சொல்லிவிடுகிறோம். மீட்சி காணும் கதைகள் மனநலத்தோடு தொடர்புடையவை என்பது மெய்தான். ஆனால் பிறர் ஒட்டிக்கொடுக்கும் மீட்சி பிள்ளைக்குத் தன் துயரம் கேட்கப்படவில்லை என்பதையே சொல்கிறது. பொங்கும் உணர்ச்சியைக் கையாளக் கற்றுத்தரும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை (டி.பி.டி.) உருவாக்கிய மார்ஷா லினஹன், மிகையாக உணரும் பிள்ளையின் உணர்ச்சியை, சுற்றியிருப்பவர்கள் தொடர்ந்து பொய்யென்று ஒதுக்கும் சூழலை, எல்லைநிலைக் கோளாறு உருவாவதில் ஒரு முக்கியக் காரணியாக வைத்தார். 'இதுக்கா அழுவுற' என்பது எங்கள் தெருவில் பாசத்தோடு சொல்லப்படுவது. அதை நிறுத்த எங்கள் வீட்டில் எல்லாருக்கும், குறிப்பாக என் கணவருக்கு, நெடுநாள் பிடித்தது.

கொந்தளிப்பில் இருக்கும்போது கதை கேட்கக் கூடாது. அப்போது பாதுகாப்பு ஒன்றே வேலை: மருந்துகளும் கூரிய பொருள்களும் பூட்டில் இருக்க வேண்டும், உடன் ஓர் ஆள் இருக்க வேண்டும், பேச்சு குறைய வேண்டும். குளிர்ந்த நீரில் முகம் கழுவுவது, மூச்சை நீட்டி விடுவது என்று சிகிச்சையில் கற்றுக்கொடுத்தவற்றை அவள் செய்வாள். நாங்கள் பக்கத்தில் இருப்போம். பேச்செல்லாம் மறுநாள்தான்.

ஆண்பிள்ளைகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனெனில் அவர்களை யாரும் மருத்துவரிடம் கூட்டிச் செல்வதில்லை. பெண் தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் வீடு பதறுகிறது. பையன் கண்ணாடியைக் குத்தி உடைத்தால் 'கோவக்காரன்' என்று பெருமைகூடப் படுகிறது. வியாசர்பாடி என்றோ புளியந்தோப்பு என்றோ முகவரி சொன்னவுடன் எதிரில் இருப்பவரின் பார்வை மாறுவதை எங்கள் மாணவர்கள் சிறுவயதிலேயே பார்த்துவிடுகிறார்கள். செய்தியும் சினிமாவும் காவல் நிலையமும் சேர்ந்து அவர்களுக்கென்று ஒரு கதையைத் தயாராக வைத்திருக்கின்றன. சொந்தக் கதை கூடிவராத பையனுக்கு அந்த ஆயத்தக் கதை எடுத்து மாட்டிக்கொள்ளும் சட்டைபோல எளிதில் பொருந்திவிடுகிறது. என் வகுப்பில் கானா பாடும் ஒரு மாணவன் இருந்தான். தெருவில் யாராவது இறந்தால் இரவெல்லாம் மரண கானா பாடப் போவான். இறந்தவர் எந்தத் தெருவில் பிறந்தார், எந்தத் தொழில் செய்தார், யாருக்குச் சோறு போட்டார், எதனால் சிறுமைப்பட்டார் என்று ஒரு வாழ்க்கையை முழுதாகக் கோத்துப் பாடும் அந்தத் திறமை வியக்கத்தக்கது. அவனுடைய கதையைக் கேட்டால், "என்னாண்ட எவனும் வெச்சிக்க மாட்டான் மிஸ்" என்ற ஒரே வரிதான் வரும். கதை கோக்கும் திறன் இல்லாத பிள்ளைகள் அல்லர் இவர்கள். தன் கதையில் அழுத இடத்தையும் பயந்த இடத்தையும் வைத்துச் சொன்னால் கேட்பதற்கு நம்பகமான ஓர் ஆள் இல்லாத பிள்ளைகள். அவன் தன் தாத்தாவைப் பற்றி முதலில் ஒரு கட்டுரை எழுதினான். தாத்தாவின் கதைக்குள் அவனே மெல்ல நுழைந்தான். நான் அவனை மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகரிடம் அனுப்பியபோது அவன் அம்மா சம்மதித்ததற்கு அந்தக் கட்டுரைதான் காரணம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'என் வாழ்க்கையின் மிகத் துயரமான நாள்' என்று வகுப்புக்குப் பொதுவாகக் கட்டுரை கொடுக்காதீர்கள். காயத்தைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. நாம் செய்ய வேண்டியது கேட்பதும் சரியான இடத்துக்கு அனுப்புவதும். பிள்ளை தனியாகச் சொல்ல வரும்போது, எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிடவும் கூடாது. பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால் அதைத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். அதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை. உயிருக்கு ஆபத்து என்றாலும் அப்படியே. ஒரு பிள்ளையின் நான்கு வாக்கியங்களை வைத்து நாமே நோயின் பெயரைச் சொல்லிவிடவும் கூடாது. மனச்சோர்வு, அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு, கவனக்குறைபாடு என்று பலவும் இதே முகத்தோடு வரும்.

பெயர் வந்தாலும் அது ஆயுள் தண்டனை ஆகாது. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்து எல்லைநிலைக் கோளாறு கண்டறியப்பட்டவர்களை மேரி ஜனரினியின் குழு பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, 93 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் தணிந்து குறைந்தது இரண்டாண்டுகள் தணிந்தே இருந்தன. வேலையும் உறவும் சேர்ந்த முழு மீட்சியைப் பாதிப்பேர் அடைந்தார்கள். எனவே சிகிச்சை என்பது அறிகுறி அடங்கியதும் நிறுத்திவிடக் கூடியதன்று. படிப்பு, தொழில், நட்பு ஆகியவற்றுக்கும் அதே அக்கறை வேண்டும். ஆட்லரின் இன்னோர் ஆய்வில், சிகிச்சை பெறுவோர் எழுதிய கதைகளில் 'நான் செய்தேன்' என்ற உணர்வு முதலில் கூடியது, மனநலம் அதன் பின்னர் மேம்பட்டது. எங்கு தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு: ராயபுரம் பக்கத்தில் இருப்பவர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்; கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் உண்டு. மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104, சிறார் உதவிக்கு 1098 ஆகிய எண்கள் கட்டணமில்லாதவை. முதல் எண்ணை எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படிக்கிறாள். தெருமுனை மன்றத்தில் கேரம் ஆடுகிறாள், மாவட்ட அளவில் ஆடும் அளவுக்கு. அண்மையில் உளவியலாளர் அத்தியாயங்களை மறுபடியும் கேட்டபோது, காசிமேடு, பெரும்பாக்கம், தண்டையார்பேட்டை, கேரம் என்று நான்கு தலைப்புகள் வைத்தாள். "கேரம் கிளப்புக்கு என்ன யாரும் இட்டுனு போல, நானே போய்ச் சேர்ந்தேன்" என்று அதில் ஒரு வாக்கியம் வருகிறது. அரையாண்டுத் தேர்வின்போது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழைய எண்ணம் திரும்பி வந்தது. நள்ளிரவில் எங்களை எழுப்பிச் சொன்னாள், மறுநாள் மருத்துவமனைக்குப் போனோம். கோளாறு என்ற பெயரை மருத்துவர் இன்னும் எழுதவில்லை. 18 நிறைந்த பிறகு மறுமதிப்பீடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அதற்கு முன் நாங்கள் செய்துகொண்டிருக்கும் வேலை ஒன்று உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது வரை பாதுகாவலரே பிள்ளையின் பிரதிநிதி. அதன் பிறகு, தன் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதியாக யாரை வைப்பது, நோய் முற்றிய நேரத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை அவளே முன்கூட்டி எழுதிவைக்கலாம். இந்த விதிகளைத் தமிழில் எளிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவின் பெயரை எழுதுவதா, என் பெயரை எழுதுவதா என்று அவளும் அக்காளும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.